கார்டுல அடிக்கிற தேதிதான் கியூ: ஜெர்மனில ரெசிடென்ஸ் பெர்மிட் ஏன் இவ்ளோ லேட்டாகுது

2024 அக்டோபர்ல அப்போ சான்சலரா இருந்த ஓலாஃப் ஷோல்ஸ் டெல்லி வந்த சமயத்துல ஒரு அறிவிப்பு வந்துச்சு, இந்தியாவுல இருந்து படிச்சு வேலைக்கு வர்றவங்களுக்கு வருஷத்துக்கு 20,000 விசான்னு இருந்ததை 90,000 வரைக்கும் கொண்டு போறோம்னு. நம்ம ஊர் பேப்பர்ல எல்லாம் பெரிசா வந்துச்சு, கன்சல்டன்சிக்காரங்க அன்னைக்கே ரீல்ஸ் போட்டு கூப்பிட ஆரம்பிச்சுட்டாங்க. அதே நேரத்துல ஜெர்மனிக்குள்ள ஏற்கனவே வேலை பாத்து, டாக்ஸ் கட்டி, பென்ஷனுக்கு மாசாமாசம் பிடிச்சுக்கொடுத்துட்டு இருக்குற எத்தனையோ பேர், பெர்மிட் முடியப் போகுது, அப்ளை பண்ணி மாசக்கணக்காச்சு, ஆபீஸ்ல இருந்து ஒரு ஈமெயில் கூட வரலையேன்னு உக்காந்திருந்தாங்க.

ஆள் வேணும்னு கூப்பிடுற நாடும், வந்த ஆளுக்கு பதில் சொல்லாத நாடும் ஒண்ணேதான். இதுக்கு வழக்கமா சொல்ற காரணம், ஆபீஸ்ல ஆள் பத்தலை, ஜெர்மன்காரனுக்கு பேப்பர் மேல காதல், இன்னும் ஃபேக்ஸ் வச்சிருக்கான், அப்படின்னு. அதுல பொய் இல்ல, ஆனா அது பாதிக் கதைதான். ஆள் பத்தாதுங்குறது சரி, அவ்ளோ வேலை எங்கிருந்து வருதுன்னு யாரும் கேக்குறதில்ல. என் கணிப்பு என்னன்னா, இந்த கியூவை பெருசாக்குறது புதுசா வந்து இறங்குறவங்க மட்டும் இல்ல, ஏற்கனவே உள்ள இருக்குறவங்களை ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு தேதி போட்டு மறுபடி மறுபடி அதே கவுண்டருக்கு வரவைக்குற முறையும்தான். அந்த முறை எங்கிருந்து வந்துச்சுன்னு பாக்க கொஞ்சம் பின்னாடி போகணும்.

முதல்ல யார் முடிவு பண்றாங்கன்னு பாத்துடலாம். குடியேற்றச் சட்டத்தை போடுறது பெர்லின்ல இருக்குற மத்திய பார்லிமென்ட். இப்ப நடைமுறையில இருக்குற சட்டம் 2005 ஜனவரி 1ல அமலுக்கு வந்தது. ஆனா அந்தச் சட்டப்படி உங்க ஃபைலை எடுத்துப் பாத்து கார்டு கொடுக்குறது மத்திய அரசு இல்ல, நீங்க குடியிருக்குற ஊரோட நகராட்சியோ மாவட்டமோ நடத்துற அவுஸ்லேண்டர்பெஹோர்டெங்குற வெளிநாட்டவர் ஆபீஸ். நம்மாளுங்க சுருக்கமா ஏபிஹெச்னு சொல்லிக்குவாங்க. நாடு முழுக்க இந்த மாதிரி 500க்கு மேல ஆபீஸ் இருக்கு, ஒவ்வொண்ணுக்கும் தனி சாஃப்ட்வேர், தனி ஃபார்ம், தனி ஈமெயில் ஐடி, தனி பழக்கவழக்கம். பெர்லின் மட்டும் 2020 ஜனவரியில இதை தனி டிபார்ட்மென்டாவே பிரிச்சு எல்இஏன்னு பேர் வச்சுச்சு, நாட்டுலயே பெரிய ஏபிஹெச் அதுதான். ம்யூனிக்ல இது கேவிஆர்ங்குற ஆபீஸுக்குள்ள வருது. சின்ன ஊர்ல போனா விரல்விட்டு எண்ணுற அளவு ஸ்டாஃப்தான் இருப்பாங்க, ஒருத்தர் லீவுல போனா அவர் கையில இருக்குற எல்லா ஃபைலும் லீவுதான். டெல்லில ஷோல்ஸ் சொன்ன 90,000 விசாவுல வர்றவங்க எல்லாரும் கடைசியில போய் நிக்கப் போறது இந்த கவுண்டர்கள்லதான், ஆனா அந்த கவுண்டர்ல உக்கார ஆளு எடுக்க வேண்டியதும் சம்பளம் கொடுக்க வேண்டியதும் ஊர்க்காரங்க. அறிவிக்கிறவர் ஒருத்தர், செலவு பண்றவர் இன்னொருத்தர், நம்ம ஊர்லயும் பாத்திருக்கோம்ல.

சரி, வரலாறு. ஜெர்மனில வெளிநாட்டுக்காரங்க விஷயம்கிறது ஆரம்பத்துல இருந்தே போலீஸ் வேலையாத்தான் பாக்கப்பட்டுச்சு. நாஜி காலத்துல 1938ல போட்ட ஒரு வெளிநாட்டவர் போலீஸ் உத்தரவு இருந்துச்சு, போர் முடிஞ்சு புது ஜனநாயக நாடு வந்தப்புறமும் மேற்கு ஜெர்மனி அதையே வச்சு ஓட்டிட்டு இருந்துச்சு, 1965ல தனிச் சட்டம் வர்ற வரைக்கும். அந்த 1965 சட்டமும் என்ன சொல்லுச்சுன்னா, உன்னோட இருப்பு நாட்டோட நலனுக்கு பாதகமா இல்லாத வரைக்கும் பெர்மிட் கொடுக்கலாம்னு. உரிமை கிடையாது, சலுகை. இன்னைக்கும் பல ஊர்ல ஏபிஹெச் இருக்குறது பொது ஒழுங்கு, பாதுகாப்பு பாக்குற டிபார்ட்மென்டுக்கு கீழதான். எதிர்ல உக்காந்திருக்குற ஊழியர் உங்களுக்கு சர்வீஸ் பண்ண வந்தவர் இல்ல, நீங்க இருக்கலாமா கூடாதான்னு சரிபாக்க வந்தவர், அந்த வேலைக்குத்தான் அந்த நாற்காலியே போட்டாங்க.

இதோட சேந்து வந்தது வேலையாள் ஒப்பந்தங்கள். 1955ல இத்தாலி, 1961ல துருக்கி, இன்னும் சில நாடுகளோட ஒப்பந்தம் போட்டு ஃபேக்டரிக்கும் சுரங்கத்துக்கும் ஆள் எடுத்தாங்க. ஐடியா என்னன்னா, ஆள் வரணும், கொஞ்ச வருஷம் உழைக்கணும், திரும்பிப் போகணும், அடுத்த ஆள் வரணும். அதனாலதான் பெர்மிட்டு ஒரு வருஷம், ரெண்டு வருஷம்னு போச்சு. முதலாளிங்களே பழகின ஆளை அனுப்பிட்டு புது ஆளுக்கு மறுபடி கத்துக்கொடுக்க மாட்டோம்னு சொன்னதால அந்தச் சுழற்சி காகிதத்துலயே நின்னுடுச்சு, 1973 நவம்பர்ல ஆள் எடுக்குறதையே நிறுத்திட்டாங்க, திரும்பிப் போனா மறுபடி வர முடியாதுன்னு தெரிஞ்சதும் இருந்தவங்க குடும்பத்தையும் கூட்டிட்டு வந்து தங்கிட்டாங்க. ஆனா குட்டித் தேதி போடுற பழக்கம் மட்டும் போகலை. 2000ல கெர்ஹார்ட் ஷ்ரோடர் ஐடி ஆளுங்களுக்குன்னு ஒரு கிரீன் கார்டு கொண்டு வந்தாரு, 20,000 பேருக்கு, அதுலயும் அதிகபட்சம் 5 வருஷம்னு ஒரு கோடு. அமெரிக்க கிரீன் கார்டுன்னா நிரந்தரம், இவங்க அந்தப் பேரை மட்டும் எடுத்துக்கிட்டாங்க. அதே வருஷம் நார்த் ரைன் வெஸ்ட்ஃபேலியா மாநிலத் தேர்தல்ல இந்தியர்களுக்குப் பதிலா நம்ம பிள்ளைங்கன்னு ஒரு கோஷமே ஓடுச்சு.

இந்தக் காத்திருப்பை நமக்கு முன்னாடியே, நம்மளை விட பல மடங்கு கொடூரமா அனுபவிச்சவங்க ஈழத்தமிழர்கள், இதைச் சொல்லாம போனா சரியா இருக்காது. 83 ஜூலைக்கு அப்புறம் கிளம்பினவங்க நிறைய பேர் கிழக்கு பெர்லின் ஷோனஃபெல்ட் ஏர்போர்ட்ல இறங்கி, ஃப்ரீட்ரிக்ஸ்ட்ராஸெ ஸ்டேஷன் வழியா மேற்கு பெர்லினுக்குள்ள வந்தாங்க. மேற்கு பக்கம் அதை எல்லைன்னே ஒத்துக்காததால அங்க பாஸ்போர்ட் செக்கிங் கிடையாது. அப்புறம் மேற்கு ஜெர்மனி நெருக்கடி கொடுத்து 1985ல இலங்கைக்காரங்களுக்கு அந்த வழியை அடைக்க வச்சுது. வந்து சேந்தவங்களோட அகதி மனுவெல்லாம் வருஷக்கணக்குல இழுத்துச்சு, அதுவரைக்கும் வேலை செய்யத் தடை, ஒதுக்கின மாவட்டத்தை விட்டு வெளிய போகத் தடை, பலருக்கு கையில இருந்தது டுல்டுங்னு ஒரு தாளு. அது பெர்மிட் கூட இல்ல, இப்போதைக்கு உன்னைத் திருப்பி அனுப்பலைங்கிறதுக்கு ஒரு சான்று, அவ்ளோதான். அதை சில மாசத்துக்கு ஒருக்கா புதுப்பிச்சு புதுப்பிச்சே பிள்ளைங்களை வளத்தவங்க இருக்காங்க. ஹாம் ஊர்ல 2002ல குடமுழுக்கு நடந்த காமாட்சி அம்பாள் கோயில் தேருக்கு இன்னைக்கு ஐரோப்பா முழுக்க இருந்து ஜனம் வருதுன்னா, அந்தக் கோபுரத்தை எழுப்பின சமூகத்துல பல பேர் அந்தத் தாளோட காலம் தள்ளினவங்க. ஐடி வேலைக்கு வந்து ரெண்டு மாசம் ஈமெயில் வரலைன்னு புலம்புற நம்மளை அவங்க பாத்து சிரிச்சா தப்பு சொல்ல முடியாது.

இப்ப இன்னைக்கு நிலைமைக்கு வருவோம். திருச்சில இருந்து ஒரு பையன் மாஸ்டர்ஸ் படிக்க ஆஹன் போறான்னு வச்சுக்கோங்க. 2022 நவம்பர்ல இருந்து இந்திய மாணவர்களுக்கு, படிப்புச் சர்டிபிகேட் எல்லாம் உண்மைதான்னு சரிபாத்துக் கொடுக்குற ஏபிஎஸ் சான்றிதழ் கட்டாயம், அது வாங்கணும், மாசாமாசம் கொஞ்சம் கொஞ்சமா மட்டும் எடுக்க முடியுற பிளாக்டு அக்கவுண்ட்ல 11,904 யூரோ போடணும், விசா வாங்கணும். இறங்கினதும் ரெண்டு வாரத்துக்குள்ள அட்ரஸ் பதியணும், அதுக்குப் பேரு அன்மெல்டுங். அதுக்கப்புறம் விசா முடியுறதுக்குள்ள ஏபிஹெச்ல மாணவர் பெர்மிட், ஒரு வருஷமோ ரெண்டு வருஷமோ கொடுப்பாங்க. படிப்பு கொஞ்சம் இழுத்தா அதை நீட்டிக்கணும், மறுபடி பணம் காட்டணும், இன்ஷூரன்ஸ் காட்டணும். படிப்பு முடிஞ்சா வேலை தேட 18 மாச பெர்மிட், அது தனி அப்ளிகேஷன். வேலை கிடைச்சா ப்ளூ கார்டு, அதாவது டிகிரி படிச்சு நல்ல சம்பள வேலைக்கு வர்றவங்களுக்கான பெர்மிட், தனி அப்ளிகேஷன். ப்ளூ கார்டும் அதிகபட்சம் 4 வருஷம், கான்ட்ராக்ட் அதுக்கு குறைவா இருந்தா கான்ட்ராக்ட் காலத்தோட 3 மாசம் சேத்து அவ்ளோதான். முதல் 12 மாசத்துக்குள்ள கம்பெனி மாறினா ஏபிஹெச்சுக்கு சொல்லணும். நடுவுல கல்யாணம் ஆகி மனைவி வந்தா அவங்களுக்கு தனி வரிசை. அப்புறம் நம்மாளுங்க பிஆர்னு சொல்ற நிரந்தர அனுமதி, ப்ளூ கார்டுக்காரங்களுக்கு ஜெர்மன் மொழில நடுத்தரமான பி1 லெவல் இருந்தா 21 மாசத்துல, ஆரம்ப லெவலான ஏ1 மட்டும்னா 27 மாசத்துல. அதுக்கும் ஒரு அப்ளிகேஷன். ஹப்பாடா முடிஞ்சுதுன்னு நினைச்சா பாஸ்போர்ட் முடியும், புது பாஸ்போர்ட் எடுத்தா நிரந்தர அனுமதிக்கும் புதுக் கார்டு அடிக்கணும்.

ஒரே ஆளு, எந்தத் தப்பும் பண்ணலை, எல்லாத் தகுதியும் இருக்கு, ஆனா பத்து வருஷத்துக்குள்ள அதே ஆபீஸுக்கு ஏழு எட்டு ஃபைலா போய் விழுறான். இதை 2023/24 குளிர்கால செமஸ்டர்ல ஜெர்மனில படிச்சுட்டு இருந்த 49,000க்கு மேற்பட்ட இந்திய மாணவர்களோட பெருக்கிப் பாருங்க, அதுவும் ஒரே ஒரு நாட்டு மாணவர்கள் மட்டும். கியூ எங்கிருந்து வருதுன்னு கேக்கத் தேவையில்ல.

2011 செப்டம்பர் வரைக்கும் இது கொஞ்சம் சுலபம். அப்போ பெர்மிட்டுங்கிறது பாஸ்போர்ட்ல ஒட்டுற ஸ்டிக்கர், ஆபீசர் ஓகேன்னு சொன்னா அங்கேயே ஒட்டிக் கொடுத்துடுவாரு, கையோட வாங்கிட்டு வரலாம். ஐரோப்பிய யூனியன் விதிப்படி அதை சிப் வச்ச பிளாஸ்டிக் கார்டா மாத்தினாங்க, ரெண்டு விரல் ரேகையோட. பாதுகாப்புக்கு நல்லதுதான், போலி பண்றது கஷ்டம். ஆனா அந்தக் கார்டு உங்க ஊர் ஆபீஸ்ல அடிக்கிறதில்ல, பெர்லின்ல இருக்குற புண்டெஸ்ட்ருக்கெராய்ங்குற அரசு அச்சகத்துல அடிச்சு வரணும், அதுக்கு பல வாரம். ஆக, ஒரு தடவை போற இடத்துல ரேகை கொடுக்க ஒரு தடவை, கார்டு வாங்க ஒரு தடவைன்னு ஆயிடுச்சு. கூட பச்சைக் கலர்ல ஒரு தாளு வேற, எந்தக் கம்பெனியில என்ன வேலை பாக்கலாம்னு நிபந்தனை எல்லாம் அதுலதான் இருக்கும், கார்டுல அந்தத் தாளைப் பாருன்னு மட்டும் போட்டிருக்கும். சிப் இருக்கு, ஆனா விஷயம் தாளுல இருக்கு. இதை யாரு யோசிச்சாங்கன்னு தெரிஞ்சா ஒரு கும்பிடு போடலாம்.

இதை விட எனக்கு வியப்பா இருக்குறது ஃபைல் ஊர் மாறுற கதை. உங்க ஃபைல் உங்க அட்ரஸோட கட்டுப்பட்டது. ஆஹன்ல படிச்சு ம்யூனிக்ல வேலை கிடைச்சா, ஆஹன் ஆபீஸுக்கு இனி அதிகாரம் கிடையாது, ம்யூனிக் ஆபீஸ் ஆஹன்கிட்ட ஃபைல் கேக்கணும், அவங்க அனுப்பணும், பல ஊர்ல இன்னும் காகிதக் கட்டாவே இருக்குறதால அது வந்து சேர்ற வரைக்கும் இவங்க ஒண்ணும் பண்ண மாட்டாங்க. வெளிநாட்டவங்களுக்குன்னு நாட்டுல ஒரு சென்ட்ரல் ரெஜிஸ்டரே 1953ல இருந்து இருக்கு, உங்க பேரு, பெர்மிட் வகை, தேதி எல்லாம் அதுல இருக்கு. ஆனா சப்போர்ட்டிங் டாக்குமென்ட் இருக்குற முழு ஃபைல் அங்க இல்ல. மாணவரா இருந்து வேலைக்காரரா மாறுற நேரம், அதாவது பெர்மிட் மாத்தியே ஆகணும்கிற நேரம் பாத்துத்தான் பெரும்பாலும் ஊரும் மாறும், ரெண்டும் சேந்து வந்து அடிக்கும். வேலைக்காக ஊர் மாறுன்னு நாடு சொல்லுது, மாறினவன் ஃபைலுக்குப் பின்னாடி அலையணும்.

இவ்ளோ லேட்டானா அந்த நேரத்துல ஆளு சட்டவிரோதமா இருக்கானா? இல்ல. இந்த இடத்துல சட்டம் நல்லாவே எழுதியிருக்காங்க. சட்டத்தோட 81வது பிரிவு, 4வது உட்பிரிவு என்ன சொல்லுதுன்னா, பழைய பெர்மிட் முடியுறதுக்கு முன்னாடியே புதுசுக்கு அப்ளை பண்ணிட்டீங்கன்னா, ஆபீஸ் முடிவு சொல்ற வரைக்கும் பழைய பெர்மிட் அப்படியே ஓடுறதா அர்த்தம். வேலை பாக்குற உரிமையும் சேத்து. இதுக்கு ஆபீஸ் தனியா ஒண்ணும் செய்ய வேண்டியதில்ல, அப்ளை பண்ணின அந்த நிமிஷமே சட்டம் தானா வேலை செய்யுது. அதுக்கு அத்தாட்சியாக் கொடுக்குறதுதான் ஃபிக்ஷன்ஸ்பெஷைனிகுங், நம்மாளுங்க பாஷைல ஃபிக்ஷன் பேப்பர். 13 யூரோ.

பிரச்சனை எங்கன்னா, இந்தச் சட்டம் உங்களுக்கும் ஏபிஹெச்சுக்கும் தெரியும், மத்தவங்களுக்கு தெரியாது. கம்பெனி எச்ஆர் உங்க கார்டுல தேதி முடிஞ்சதைத்தான் பாப்பாங்க. அவங்களையும் குறை சொல்ல முடியாது, வேலைக்கு வச்சிருக்குறவரோட பெர்மிட்டை செக் பண்ணி காப்பி வச்சிருக்கணும்னு சட்டமே சொல்லுது, அனுமதி இல்லாத ஆளை வேலைக்கு வச்சா அபராதம் 5,00,000 யூரோ வரைக்கும் போகலாம். அந்தப் பயத்துல சின்னக் கம்பெனிக்காரர் புதுக் கார்டு வந்ததும் வாங்கன்னு சம்பளமில்லாத லீவுல அனுப்பிடுறாரு. வீட்டு ஓனர், பேங்க், ஏர்லைன் கவுண்டர்ல நிக்குற பொண்ணு, யாருக்கும் 81வது பிரிவு தெரியாது. ஊர்ல அம்மாவுக்கு உடம்பு சரியில்லன்னா கூட கிளம்பலாமா வேண்டாமான்னு யோசிக்க வைக்குறது இதுதான், போறது பிரச்சனையில்ல, திரும்ப ஏத்துவாங்களாங்குறதுதான். லேட் பண்றது ஆபீஸ், அதுக்கான விலையை கட்டுறது அப்ளை பண்ணினவன், அதனால லேட் பண்றவங்களுக்கு வலிக்கிறதே இல்ல.

காலக்கெடுவே இல்லையான்னு கேட்டா, இருக்கு, ஆனா அது எந்தப் பக்கம் கடிக்குதுன்னு பாருங்க. சில வேலைகளுக்கு லேபர் ஏஜென்சியோட சம்மதம் வேணும். ஏபிஹெச் அவங்ககிட்ட கேட்டு ரெண்டு வாரத்துக்குள்ள பதில் வரலைன்னா சம்மதம் கிடைச்சதா எடுத்துக்கணும்னு விதியே இருக்கு. அரசாங்கம் இன்னொரு அரசாங்க ஆபீஸ்கிட்ட ரெண்டு வாரத்துக்கு மேல காத்திருக்காது. அடுத்து, 2020 மார்ச்ல இருந்து ஒரு வேகமான வழி இருக்கு, கம்பெனி 411 யூரோ கட்டினா வெளிநாட்டுல இருக்குற புது ஆளுக்கு ஜெர்மன் தூதரகம் மூணு வாரத்துக்குள்ள அப்பாயின்ட்மென்ட் கொடுக்கணும், அடுத்த மூணு வாரத்துல முடிவு சொல்லணும். சென்னையில உக்காந்திருக்குற புது ஆளுக்கு கம்பெனி காசு கட்டி காலக்கெடு வாங்கலாம், ஆனா அஞ்சு வருஷமா அதே கம்பெனியில பக்கத்து சீட்ல உக்காந்திருக்குறவரோட ரினியூவலுக்கு அந்த வழி கிடையாது. மாணவர்களுக்கும் ப்ளூ கார்டுக்கும் ஐரோப்பிய யூனியன் விதியில 90 நாள்னு ஒரு கெடு இருக்குறது உண்மை, ஆனா அந்த 90 நாள் அப்ளிகேஷன் முழுமையா ஆன அன்னைக்குத்தான் தொடங்கும். முழுமையான்னு சொல்ல வேண்டியது யாரு? அதே ஆபீஸ். 80வது நாள் இன்னும் ஒரு சம்பள ஸ்லிப் அனுப்புன்னு மெயில் வந்தா அப்பத்தான் உங்களுக்கே கடிகாரம் ஓடவே இல்லைன்னு தெரியும்.

இதுக்கு எதிரா சட்டத்துல ஒரு ஆயுதம் இருக்கு. மூணு மாசம் தாண்டியும் தக்க காரணம் இல்லாம முடிவு சொல்லலைன்னா நிர்வாக கோர்ட்ல வழக்கு போடலாம், உன்டேடிக்கைட்ஸ்கிளாகென்னு சொல்வாங்க, ஆபீஸ் சும்மா இருக்குன்னு போடுற வழக்கு. கோர்ட் ஃபீஸ் சுமார் 500 யூரோ, வக்கீல் இல்லாமலும் போடலாம். கேஸ் ஓடுறப்பவே ஆபீஸ் கார்டு கொடுத்துட்டா, நியாயமான எதிர்பார்ப்போடதான் வழக்கு போட்டீங்கன்னா செலவு ஆபீஸ் தலையில விழும். நடைமுறையில தீர்ப்பு வரைக்கும் போகாம வழக்கு போட்ட கொஞ்ச நாள்ல ஃபைல் நகருறது அடிக்கடி நடக்கிறதுதான். நம்மாளுங்க பெரும்பாலும் போட மாட்டாங்க, கவர்மென்ட் மேல கேஸ் போட்டா அப்புறம் பிஆர் கொடுக்க மாட்டான்னு ஒரு பயம். அப்படி எந்த விதியும் கிடையாது, ஜெர்மன்ல இது ரொம்பச் சாதாரணம், ஆபீசருக்கே அது ஒரு கடிதம் மாதிரித்தான். ஆனா இதுல ஒரு சங்கடம் இருக்கு, வழக்கு போட்டவன் ஃபைல் மேல வந்தா போடாதவன் ஃபைல் கீழ போகுது. ஆபீஸ்ல இருக்குற மொத்த கை எண்ணிக்கை அதேதான.

அப்பாயின்ட்மென்ட் கதையும் இந்த வகைதான். ஆன்லைன்ல ஸ்லாட் போட்ட உடனே காலியாகுது, பாட்னு (bot) சொல்ற தானியங்கி புரோகிராம் வச்சு புடிச்சு காசுக்கு விக்குறவங்க வந்துட்டாங்க, அதுக்குன்னே டெலிகிராம்ல ஆளுங்க. ஸ்டுட்கார்ட்ல 2023ல ஏபிஹெச் வாசல்ல ராத்திரியே வந்து படுத்துக் கிடந்து டோக்கன் வாங்க வேண்டிய நிலைமை, பென்ஸும் போர்ஷேவும் செய்ற ஊர்ல. அதுக்கப்புறம் ஊர்களெல்லாம் ஆன்லைன் அப்ளிகேஷனுக்கு மாற ஆரம்பிச்சது நல்ல விஷயம்தான். ஆனா அரசு சேவை எல்லாம் ஆன்லைனுக்கு வரணும்னு 2017ல ஒரு சட்டம் போட்டு 2022 கடைசி வரைக்கும் கெடு வச்சாங்க, கெடு தாண்டிப் போச்சு. பல ஊர்ல ஆன்லைன்னா என்ன அர்த்தம்னா, நீங்க பிடிஎஃப் ஏத்துறீங்க, உள்ள ஒருத்தர் அதைத் திறந்து தன்னோட சாஃப்ட்வேர்ல கையால டைப் பண்றாரு. கியூ வாசல்ல இருந்து சர்வருக்குள்ள போயிடுச்சு, கண்ணுக்குத் தெரியலைங்குறதால பேப்பர்ல போட்டோவும் வர்றதில்ல.

சட்டம் மாறுற வேகம் வேற. 2020 மார்ச்ல ஒரு சீர்திருத்தம், அப்புறம் 2023 நவம்பர், 2024 மார்ச், 2024 ஜூன்னு தவணை தவணையா இன்னொண்ணு, வேலை தேடி வர்றவங்களுக்கு ஆப்பர்சூனிட்டி கார்டுன்னு புது வகை. ப்ளூ கார்டுக்கான குறைஞ்சபட்ச சம்பளம் வருஷா வருஷம் மாறும், 2025ல பொதுவா 48,300 யூரோ, ஆள் பற்றாக்குறை வேலைகளுக்கு 43,759.80. ஒவ்வொரு சீர்திருத்தமும் வாசிக்க தாராளமாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொண்ணும் அந்த கவுண்டர்ல இருக்குறவருக்கு புதுசா படிக்க வேண்டிய விதி, புதுசா ஒரு வகை ஃபைல். 2024 ஜூன் 27ல குடியுரிமைச் சட்டத்தையும் மாத்தி 8 வருஷத்தை 5 ஆக்கி, பழைய பாஸ்போர்ட்டையும் வச்சுக்கலாம்னு சொன்னாங்க. நம்ம இந்தியச் சட்டம் ரெட்டைக் குடியுரிமையை ஒத்துக்காததால அந்த ரெண்டாவது பாதி நமக்கு உதவாது. அந்த வருஷம் 2,91,955 பேர் ஜெர்மன் குடியுரிமை வாங்கினாங்க, 2000ல இந்தக் கணக்கு எடுக்க ஆரம்பிச்சதுல இருந்து அதுவரைக்கும் இல்லாத எண்ணிக்கை. இதுல ஒரு தர்க்கம் இருக்கு, கார்டு புதுப்பிச்சு அலுத்தவன் இந்த வரிசையே வேண்டாம்னு பாஸ்போர்ட்டே வாங்கிடலாம்னு நினைக்குறான், ஆனா அதுக்கும் ஒரு வரிசை இருக்கு, பெர்லின் மாதிரி ஊர்ல அதைப் பாக்குறதும் அதே எல்இஏதான்.

அகதிங்க வந்ததாலதான் இப்படின்னு ஒரு பேச்சு நம்மாளுங்க வாட்ஸப் குரூப்லயே ஓடுது, நாங்க டாக்ஸ் கட்டுறோம், அவங்க முன்னாடி போறாங்கன்னு. 2015, 16ல வந்த அலை பெரிசுதான், 2016ல மட்டும் 7,45,545 அகதி மனு. ஆனா அகதி மனுவை முடிவு பண்றது ஏபிஹெச் இல்ல, அதுக்கு தனி மத்திய ஆபீஸ் இருக்கு. முடிவுக்கு அப்புறம் கார்டு கொடுக்குறதும் நீட்டிக்கிறதும்தான் ஏபிஹெச் வேலை. அங்கயும் வேலையை கூட்டுறது அதே குட்டித் தேதிதான்.

இதுக்கு ஆதாரம் வேணும்னா உக்ரைன்காரங்க விஷயத்தைப் பாருங்க. 2022ல போர் தொடங்கினதும் பத்து லட்சத்துக்கு மேல மக்கள் ஜெர்மனிக்கு வந்தாங்க, ஐரோப்பிய யூனியனோட தற்காலிகப் பாதுகாப்பு விதிப்படி பெர்மிட் கொடுத்தாங்க. அதுல பெரும்பங்கு 2024 மார்ச் 4ல ஒரே நாள்ல முடியப் போகுது. ஏபிஹெச் எல்லாம் நொறுங்கிடும்னு எல்லாருக்கும் தெரிஞ்சது. மத்திய அரசு என்ன பண்ணுச்சு? ஒரு உத்தரவு போட்டுச்சு, 2024 பிப்ரவரி 1ல செல்லுபடியா இருக்குற இந்த வகை பெர்மிட் எல்லாம் 2025 மார்ச் 4 வரைக்கும் தானா செல்லும், யாரும் ஆபீஸுக்கு வர வேண்டாம், புதுக் கார்டும் அடிக்க வேண்டாம்னு. அடுத்த வருஷமும் அதே மாதிரி 2026 வரைக்கும் நீட்டிச்சாங்க. கார்டுல பழைய தேதியே இருக்கும், பரவாயில்ல. லட்சக்கணக்குல அப்பாயின்ட்மென்ட் ஒரே கையெழுத்துல காணாம போச்சு, நாடு ஒண்ணும் இடிஞ்சு விழலை.

அப்போ மத்தவங்களுக்கும் ஏன் செய்யக் கூடாது? ஒவ்வொருத்தருக்கும் நிபந்தனை வேற, வேலை இருக்கா, சம்பளம் போதுமா, படிப்பு நடக்குதான்னு தனித்தனியா பாக்கணும்னு பதில் வரும். மாணவர் விஷயத்துல ஓரளவு ஒத்துக்கலாம். ஆனா ரெண்டு வருஷமா ஒரே கம்பெனியில சம்பளம் வாங்குறவரோட வேலையும் சம்பளமும் அரசாங்கத்துக்கே மாசாமாசம் தெரியுது, டாக்ஸ் ஆபீஸுக்கும் பென்ஷன் ஆபீஸுக்கும் கம்பெனியே அனுப்புது, அதையே அவர் மறுபடி சம்பள ஸ்லிப்பா ஸ்கேன் பண்ணி அனுப்பணுமாம். டேட்டா பாதுகாப்புச் சட்டம் அதை இணைக்க விடலைன்னு சொல்வாங்க, அதுல நியாயமும் இருக்கு, அந்த நாட்டு வரலாறு அப்படி. ஆனா முக்கியமான தடை அரசியல்தான்னு நான் நினைக்குறேன். தேதியை நீட்டி விட்டா கட்டுப்பாட்டை விட்டுட்டாங்கன்னு எதிர்க்கட்சி கத்தும், தேதி குட்டியா இருந்தா யாரும் கத்த மாட்டாங்க, காத்திருக்குறவனுக்கு ஓட்டு இல்லையே. 2025ல வந்த மெர்ட்ஸ் அரசாங்கத்தோட கூட்டணி ஒப்பந்தத்துல வேலைக்கு வர்றவங்களுக்குன்னு ஒரே மத்திய ஏஜென்சி, எல்லாம் டிஜிட்டல்னு எழுதியிருக்காங்க. அது வந்தா வெளிநாட்டுல இருந்து வர்ற வழி இன்னும் சீராகும். உள்ள இருக்குறவங்களோட ரினியூவலும் அதுக்குள்ள போகுதா, இல்ல ஊர் ஆபீஸ்லயே நிக்குதாங்குறதை வச்சுத்தான் அதோட மதிப்பு.

இப்போ கார்டுக்காகக் காத்திருக்குறவங்களுக்கு நடைமுறை விஷயம் ஒண்ணு. அப்ளிகேஷனை பழைய தேதி முடியுறதுக்கு முன்னாடி அனுப்பினதுக்கு ஆதாரம் கையில இருக்கணும், ஆன்லைன் ரசீதோ, ஈமெயிலோ, அக்னாலெட்ஜ்மென்ட் வச்ச தபாலோ, ஏன்னா 81வது பிரிவு நிக்குறதே அந்தத் தேதி மேலதான். அப்பாயின்ட்மென்ட் கிடைக்கலைங்குறதுக்காக அப்ளை பண்ணாம இருக்காதீங்க, ரெண்டும் வேற வேற. ஃபிக்ஷன் பேப்பர் கைக்கு வந்ததும் மூணு கட்டத்துல எதுல டிக் அடிச்சிருக்காங்கன்னு அங்கேயே நின்னு பாருங்க. மூணாவதுல இருந்தா, அதாவது பழைய பெர்மிட் தொடருதுங்குற கட்டத்துல இருந்தா, பழைய கார்டையும் பாஸ்போர்ட்டையும் சேத்து எடுத்துட்டு ஊருக்குப் போய் திரும்பி வரலாம். முதல் ரெண்டுல ஒண்ணுல இருந்தா உள்ள தங்குறதுக்கு மட்டும்தான் அது செல்லும், வெளிய போனா அதை வச்சு திரும்ப நுழைய முடியாது, டிக் தப்புன்னு தோணினா கவுண்டரை விட்டு நகராம அங்கேயே கேளுங்க, வீட்டுக்கு வந்து மெயில் போட்டா அந்த மெயிலுக்கும் ஒரு கியூ இருக்கு.